பழகிப்போச்சு கண்ணு

எங்கள் ஊருக்குக் கடல் கிடையாது. தொண்டாமுத்தூரில் எந்த மொட்டைமாடியில் ஏறி நின்று பார்த்தாலும் மேற்கே மலைதான். ஆனாலும் என் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் நீச்சல் தெரியும். கிணற்றில் கற்றது. முதுகில் காலி எண்ணெய்க் கேனைக் கட்டி, பெரியப்பா மேலிருந்து தள்ளிவிடுவார். ரெண்டு வாய் தண்ணி குடித்து, மூக்கெல்லாம் எரிந்து, மேலே வந்தால் அவர் சிரித்துக்கொண்டிருப்பார். நாலாம் நாள் கேன் தேவைப்படாது.

அந்தக் கிணற்றுக்கு எழுதி வைக்காத சட்டம் ஒன்று இருந்தது. உள்ளே எச்சில் துப்பக் கூடாது. மூக்குச் சிந்தக் கூடாது. சோப்புப் போடுவதானால் மேலே ஏறி வந்து, தொட்டிக்கு அந்தப் பக்கம். ஒன்றுக்கு வந்தால் வெளியே போக வேண்டும். குளிரில் நடுங்கிக்கொண்டு அத்தனை படி ஏறச் சோம்பல்பட்டு உள்ளேயே இருந்துவிட்ட ஒருத்தனை அப்பாரு கண்டுபிடித்துவிட்டார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. அடிக்கவில்லை. "அதே தண்ணியத்தான்டா சாயங்காலம் உங்காத்தா கொடத்துல மோந்துட்டுப் போவா" என்றார். அவ்வளவுதான். அந்த ஒருத்தன் நான்.

இப்போது அந்தக் கிணற்றில் தண்ணி இல்லை. பக்கத்துத் தோட்டங்களில் போர் போட்டுப் போட்டு, ஊற்று கீழே போய்விட்டது. என் மகள் நீச்சல் கற்றது கோயம்புத்தூரில், குளோரின் வாடை அடிக்கும் ஒரு நீலநிறக் குளத்தில், மாதக் கட்டணம் கட்டி. ஆனால் நன்றாகக் கற்றுக்கொண்டாள். அதனால்தான் பிரச்சினையே வந்தது.

ரெண்டு வருடம் முன்பு, டிசம்பர் கடைசியில், சென்னையில் மச்சினன் வீட்டுக்குப் போயிருந்தோம். சாயங்காலம் பெசன்ட் நகர் கடற்கரை. மழை விட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. மணலில் காலை வைத்ததுமே அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினாள். நான் பின்னாலேயே ஓடிக் கையைப் பிடித்தேன். கால் நனைச்சுக்கோ, அதுக்கு மேல வேண்டாம் என்றேன். "எனக்குத்தான் நீச்சல் தெரியுமே" என்றாள். வடக்குப் பக்கம், ஊரூர் ஆல்காட் குப்பத்துக்குக் கிட்டே, அவள் வயதுப் பையன்கள் நாலைந்து பேர் அலைக்குள் குதித்துக் குதித்து வந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தன் வாய் நிறையத் தண்ணி எடுத்து இன்னொருத்தன் மேல் துப்பினான். அவள் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள். "தண்ணி அழுக்குன்னு சொன்னீங்கல்ல. அவங்களுக்கு ஒண்ணும் ஆகாதாப்பா?"

"அவங்களுக்குப் பழகிப்போச்சு கண்ணு" என்றேன்.

சொன்னதும் நாங்கள் சுண்டல் வாங்கப் போய்விட்டோம். அந்த வாக்கியம் மட்டும் என்னை விடவில்லை. பொய் சொன்னேன் என்று நேரடியாகச் சொல்லிவிட முடியாது. அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அது எதற்காகச் சொல்லப்பட்டது? அவள் கேட்டது அந்தப் பையன்களைப் பற்றி. நான் பதில் சொன்னது என்னைப் பற்றி. நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்பதற்கான பதில் அது.

அன்றைக்கு அவளை இறங்க விடாததற்கு என்னிடம் ரெண்டு காரணம் இருந்தது. ஒன்று அலை. சென்னைக் கரையில் எத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். காணும் பொங்கலன்று மெரினாவில் கடலுக்குள் இறங்கவே தடை. சாதாரண நாளிலும் குளிக்காதே என்று போர்டு, போலீஸ் விசில், ஒலிபெருக்கி. நீச்சல் தெரிந்தவனையும் கடல் இழுக்கும். கரைக்கு வந்த தண்ணி திரும்பிப் போக ஒரு குறுகலான வழி பிடித்துக்கொண்டு வேகமாக ஓடும். அதில் மாட்டியவன் நேராகக் கரையை நோக்கி நீந்தி நீந்திக் களைத்துதான் முங்குகிறான். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தை விட்டு வெளியே வந்துவிட்டால் பிழைக்கலாம். கிணற்றில் கற்றவனுக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. கிணற்றில் தண்ணி எங்கேயும் போகாது.

ரெண்டாவது காரணம் தண்ணி. பெசன்ட் நகருக்கு வடக்கே, உடைந்த பாலத்தடியில், அடையாறு கடலில் சேர்கிறது. மெரினாவின் வடகோடியில் நேப்பியர் பாலத்துப் பக்கம் கூவம். நகரத்தின் கழிவுநீரில் ஒரு பங்கு இந்த ரெண்டு வழியாகவும் கடலுக்குப் போகிறது. கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொள்ளும். மழையில் வெள்ளம் அதை உடைத்துக்கொண்டு, அதுவரை தேங்கியிருந்ததையும் சேர்த்து வெளியே தள்ளும். இதில் ஒரு விஷயம் உண்டு. வருடத்தில் பெரும்பகுதி சென்னைக் கரையோரம் நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே போகும். துறைமுகம் கட்டிய பிறகு அதன் தெற்குப் பக்கம் மணல் சேர்ந்து சேர்ந்துதான் மெரினா இவ்வளவு அகலமானது. வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்துப் போனதும் அதனால்தான். ஆனால் வடகிழக்குப் பருவமழையில் நீரோட்டம் திரும்பித் தெற்கே ஓடும். ஆக, ஆறு அதிகமாகக் கக்குகிற அதே மாதங்களில் அது கக்கியது பெசன்ட் நகர் பக்கமாக வரும். இதெல்லாம் அன்றைக்கு, அங்கே நின்றபோதே, எனக்குத் தெரியும். ஓ.எம்.ஆரில் வேலை பார்த்த எட்டு வருடத்தில் பொழுதுபோகாமல் படித்துத் தெரிந்துகொண்டது.

முதல் ஆபத்துக்கு விசில் இருக்கிறது. ரெண்டாவது ஆபத்துக்கு ஒன்றுமில்லை. அலை கொன்றால் அன்று மாலையே தெரிந்துவிடும், மறுநாள் பேப்பரில் வரும். தண்ணி செய்வது ரெண்டு நாள் கழித்து வயிற்றுப்போக்காக, காதுவலியாக, கண் சிவப்பாக வரும். அதற்குள் அந்தக் குழந்தை வீட்டுக்குப் போயிருக்கும். பஜ்ஜியில் என்னமோ என்று சொல்லிவிடுவார்கள். கடலின் மேல் யாருக்கும் சந்தேகம் வராது.

கணக்கு இல்லாமல் இல்லை. கடலில் குளிக்கத் தகுந்த தண்ணி என்றால் நூறு மில்லிலிட்டரில் மலக்கிருமி எண்ணிக்கை 100 அளவில் இருக்க வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல் சொல்கிறது. மலக்கிருமி என்று நான் சொல்வது ஃபீக்கல் கோலிஃபார்ம். அதுவே நோயைத் தருவது என்றில்லை, மலம் கலந்திருக்கிறது என்பதற்கு அது சாட்சி. ஆற்றில் குளிக்க அதே வாரியம் வைத்திருக்கும் அளவு விரும்பத்தக்கது 500, அதிகபட்சம் 2500. கடலில் குளிப்பவனுக்கு 100, ஆற்றில் முங்குபவனுக்கு 2500 வரைக்கும் பரவாயில்லை. இதற்கு நிபுணர்கள் காரணம் வைத்திருப்பார்கள். எனக்கு அந்த ரெண்டு எண்ணையும் அடுத்தடுத்துப் பார்த்தபோது தோன்றியது வேறு. ஆற்றில் முங்குபவனுக்குப் பழகிப்போச்சு என்று யாரோ ஒருவர் அட்டவணையிலேயே எழுதி வைத்ததுபோல் இருந்தது.

இந்த எண்ணை உடனே கண்டுபிடிக்கவும் முடியாது. தண்ணியை எடுத்து, ஆய்வகத்தில் வளர்த்து, எண்ணிச் சொல்ல ஒரு நாள் ஆகும். அதாவது எந்த நாட்டிலும் கரையில் பறக்கும் கொடி பெரும்பாலும் நேற்றைய தண்ணியைப் பற்றியது.

என் வேலை சர்வர்களைக் கண்காணிக்கும் மென்பொருள் எழுதுவது. ராத்திரி மூன்று மணிக்கு ஏதாவது விழுந்தால் யாரோ ஒருவருடைய போன் அலறும். புதிதாக வருகிறவர்களுக்கு நாங்கள் முதல் வாரமே சொல்லித்தருவது: அலெர்ட் யாருக்குப் போகிறதோ, அவரால் அதைச் சரிசெய்ய முடிய வேண்டும். சரிசெய்ய முடியாதவரை எழுப்பினால் அது அலெர்ட் இல்லை, தொந்தரவு. இந்தக் கண்ணோடு கடற்கரை போர்டைப் பாருங்கள். "இங்கே குளிக்காதீர்." யாருக்குப் போகிற செய்தி இது? அந்தக் குப்பத்துப் பையனுக்கு. கடல் அவன் வீட்டு வாசல். அவனால் ஆற்றைச் சுத்தப்படுத்த முடியாது. வேறு கடலுக்குப் போகவும் முடியாது. அழுக்கைப் போட்டவன் பத்து மைல் தள்ளி மூன்றாம் மாடியில் ஃபிளஷ் பண்ணிவிட்டு வருகிறான். அவன் வீட்டு பாத்ரூமில் ஒரு போர்டும் கிடையாது.

போர்டு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அலையைப் பொறுத்தவரை போர்டும் விசிலும் உயிரைக் காப்பாற்றுகின்றன. அலையை யாரும் உண்டாக்கவில்லை, அதற்கு எச்சரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. தண்ணி அப்படி இல்லை. அது ஒருவர் செய்து இன்னொருவருக்கு வருவது. செய்ததைச் செய்துகொண்டே, வாங்கிக்கொள்கிறவனிடம் ஜாக்கிரதையாக இரு என்று சொல்வதற்குப் பெயர் எச்சரிக்கையா? நாங்கள் செயலிகளில் 'நான் ஒப்புக்கொள்கிறேன்' பட்டன் வைப்பது எதற்கென்று எனக்குத் தெரியும். படிப்பதற்காக இல்லை. நாளைக்கு ஏதாவது என்றால் நீதான் அமுக்கினாய் என்று காட்டுவதற்காக.

இதே வழக்கு இங்கிலாந்தில் நடந்திருக்கிறது. 1957-இல் டோனி வேக்ஃபீல்ட் என்பவரின் சின்ன மகள் போலியோவில் இறந்தாள். தென்கரையில் கோஸ்போர்ட் பக்கம் ஸ்டோக்ஸ் பே என்ற இடத்தில் கடலில் குளித்திருந்தாள். அங்கே கடலில் சாக்கடை விடப்பட்டது. கடல்தான் காரணம் என்று பெற்றோர் நம்பினார்கள். 1959-இல் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஒரு அறிக்கை வெளியிட்டது. பார்த்தாலே அருவருப்பு வரும் அளவுக்குத் தண்ணி கெட்டிருந்தால் ஒழிய, குளிப்பதால் உடல்நலத்துக்குப் பெரிய ஆபத்தில்லை என்பது அதன் சாரம். கண்ணுக்கு மோசமாகத் தெரியாத தண்ணி மோசமில்லை! அந்த அப்பாவும் அம்மாவும் கடலோர மாசுக்கு எதிராக ஒரு அமைப்பு தொடங்கி, குளிக்கத் தகுந்த கடற்கரைகளின் பட்டியலைத் தாங்களே வெளியிட்டார்கள். அரசாங்கத்தின் அந்த நிலைப்பாடு பல வருடம் அப்படியே நின்றது.

அதை அசைத்தது 1989-க்கும் 1992-க்கும் இடையில் நடந்த ஒரு சோதனை. நாலு கடற்கரைகள், 1200-க்கும் கொஞ்சம் மேற்பட்ட தொண்டர்கள். சீட்டுப் போட்டதுபோல் பாதிப்பேரை, தலையும் நனையும்படி, கடலில் இறக்கினார்கள். மீதிப்பேரைக் கரையிலேயே வைத்துக்கொண்டார்கள். பிறகு யாருக்கு வயிறு கெட்டது என்று பார்த்தார்கள். நூறு மில்லிலிட்டரில் ஒரு குறிப்பிட்ட மலக்கிருமி முப்பதைத் தாண்டும்போதே வயிற்றுக்கோளாறு கூட ஆரம்பித்தது. 1994-இல் லான்செட் இதழில் வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு எண்களுக்கு இதுவே முக்கிய அடிப்படை.

எனக்கு இதில் நெருடுவது அந்தத் தொண்டர்கள் யார் என்பதுதான். எல்லோரும் வளர்ந்தவர்கள். ஆரோக்கியமானவர்கள். குழந்தைகளை இறக்கவில்லை, இறக்கவும் கூடாது, எந்த நெறிக்குழு அனுமதிக்கும்? ஆக, ஒரு குழந்தையைத் தெரிந்தே அந்தத் தண்ணியில் இறக்குவது ஆராய்ச்சிக்காகக்கூடத் தகாத செயல். ஆனால் தினமும் சாயங்காலம் எத்தனையோ கரைகளில் குழந்தைகள் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதற்கு யாரும் அனுமதி கேட்கவில்லை.

இப்போது 'பழகிப்போச்சு'க்கு வருகிறேன். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்றேன். ஒரே தண்ணியில் திரும்பத் திரும்ப இறங்குகிறவர்களுக்குச் சில கிருமிகளுக்கு எதிர்ப்புச் சக்தி வரத்தான் செய்யும். வெளியூர்க்காரனுக்கு வருகிற வயிற்றுப்போக்கு உள்ளூர்க்காரனுக்கு வராமல் போகலாம். ஆனால் அந்த எதிர்ப்புச் சக்தி எப்படி வந்தது? ஏற்கெனவே நோய்ப்பட்டு வந்தது. ரெண்டு வயதில், மூன்று வயதில், பேதியும் காய்ச்சலுமாகக் கிடந்து வந்தது. அப்படிக் கிடந்து எழுந்தவனைத்தான் நாம் கரையில் பார்க்கிறோம்; எழாதவன் கரைக்கு வருவதில்லை. பழக்கம் என்று நாம் சொல்வது அவன் ஏற்கெனவே கட்டிவிட்ட பணம். ரசீதைப் பார்த்துவிட்டு, இவனுக்கு இலவசம் என்கிறோம்.

இந்தச் சொல்லைக் கடற்கரைக்கு வெளியேயும் கேட்டிருக்கிறேன். வெறும் கையோடு சாக்கடையில் இறங்குகிறவரைப் பற்றி. சாயப்பட்டறை வாடையில் குடியிருக்கிறவர்களைப் பற்றி. ராத்திரி ஷிப்ட்டில் தூங்காமல் இருப்பவர்களைப் பற்றி. சொல்கிறவர் எப்போதும் பழக வேண்டிய அவசியம் இல்லாதவர். தன்னைப் பற்றியே ஒருவர் 'பழகிப்போச்சுங்க' என்றால் அது பெருமூச்சு. அடுத்தவரைப் பற்றிச் சொன்னால் அது கைகழுவல். ஒரே சொல்தான்.

சரி, குளிக்கவே வேண்டாம் என்று ஒரேயடியாகத் தடை போட்டுவிட்டால்? பாரிஸில் செய்தார்கள். 1923-இல் சேன் ஆற்றில் குளிக்கத் தடை. தடை போட்டதால் ஆறு சுத்தமாகவில்லை. குளிப்பவன் இருந்தால்தானே தண்ணியைப் பற்றிக் கேள்வி வரும்? அவன் போனதும் ஆறு வேடிக்கை பார்ப்பதற்கும் படகு விடுவதற்கும் உரிய பொருளாகிவிட்டது. நூறு வருடம் கழித்து, 2024 ஒலிம்பிக்கில் அதில் நீந்த வைக்கிறோம் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் மளமளவென்று வேலை நடந்தது. பெருமழையில் சாக்கடை பொங்கி ஆற்றுக்குள் போவதைத் தடுக்க ஆஸ்டர்லிட்ஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 50,000 கன மீட்டர் கொள்ளும் ஒரு நிலத்தடித் தொட்டி கட்டினார்கள். அப்படியும் ஜூலை 30 அன்று நடக்க வேண்டிய ஆண்கள் டிரையத்லானை மழையால் தண்ணி கெட்டு ஒரு நாள் தள்ளிவைத்தார்கள். 2025 கோடையில் மூன்று இடங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அந்தச் செலவை நாம் செய்ய முடியுமா என்பது வேறு விஷயம். எனக்குப் பட்டது இதுதான்: ஆற்றைக் காப்பாற்றியது எச்சரிக்கைப் பலகை இல்லை. இங்கே ஒருவர் இறங்குவார், நாம் பார்த்துக்கொண்டிருப்போம் என்ற நிலைமை.

இதற்கு நேர் எதிரானதும் நம் நாட்டிலேயே உண்டு. 2025 பிப்ரவரியில், கும்பமேளா நடந்துகொண்டிருக்கும்போதே, பிரயாக்ராஜில் மலக்கிருமி குளிக்கத்தக்க அளவைத் தாண்டியிருக்கிறது என்று மத்திய வாரியம் பசுமைத் தீர்ப்பாயத்தில் அறிக்கை கொடுத்தது. மாநில அரசு மறுத்தது. கோடிக்கணக்கானவர்கள் குளித்தார்கள். அவர்களை முட்டாள்கள் என்று எழுதிய நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. என் அப்பா இறந்த வருடம் பேரூர் படித்துறையில் நானும் நொய்யலில் இறங்கியிருக்கிறேன். கணுக்கால் அளவுத் தண்ணி, அதுவும் எந்த நிறம் என்று சொல்ல முடியாத தண்ணி. எனக்கு எண்கள் தெரியும். இருந்தும் இறங்கினேன், தலையில் தெளித்துக்கொண்டேன். இறங்குவதற்கு மனிதனுக்குக் காரணங்கள் இருக்கும். அவனிடம் போய் இறங்காதே என்பது சுலபம்.

நொய்யலைச் சொன்னதும் பேச்சு எங்கள் ஊருக்கு வந்துவிட்டது. வரத்தான் வேண்டும். நொய்யல் எங்கள் மலையில்தான் பிறக்கிறது. அதனால் எங்களுக்கு ஒரு மேட்டிமை உண்டு: நாங்கள் மேலே இருக்கிறவர்கள், எங்களிடம் தண்ணி சுத்தமாக இருக்கிறது, கீழே போகப் போகத்தான் கோயம்புத்தூர்க்காரனும் திருப்பூர்க்காரனும் கெடுக்கிறான். ஒரத்துப்பாளையம் அணையைப் பற்றிப் பேச்சு வந்தால் ஊரில் எல்லோரும் நியாயவான்கள். பாசனத்துக்குக் கட்டிய அணையில் சாயத் தண்ணி நின்று, ஆயக்கட்டு விவசாயிகளே அந்தத் தண்ணி வேண்டாம் என்று வழக்குப் போட்டு, கடைசியில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது வரைக்கும் எங்கள் டீக்கடையில் வரிவரியாகச் சொல்வார்கள்.

சென்னையிலிருந்து திரும்பி ஒரு மாதம் இருக்கும். வீட்டில் கக்கூஸ் அடைத்துக்கொண்டது. தொட்டி நிறைந்துவிட்டது. லாரிக்குச் சொன்னோம். ரெண்டு பேர் வந்து, மூடியைத் திறந்து, குழாயை இறக்கி, அரை மணி நேரத்தில் வேலையை முடித்தார்கள். டிரைவர் தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். டீ கொடுத்துவிட்டு, பேச்சுவாக்கில், "இதக் கொண்டுபோய் எங்க தம்பி ஊத்துவீங்க?" என்று கேட்டேன்.

அவன் டீயை ஊதிக்கொண்டே சிரித்தான். "அதெல்லாம் நீங்க எதுக்குங்ணா கேக்கறீங்க."

நான் விடவில்லை. "சும்மா சொல்லு."

"உக்கடம் பிளாண்டுக்குத்தான் போகோணும்ங்ணா. போனா அங்க வரிசை. டீசலு. ஒரு நாளைக்கு மூணு லோடுக்கு மேல ஓட்ட முடியாது. ஓனரு அஞ்சு கேக்கறாப்ல." கொஞ்சம் நிறுத்தி, "பள்ளந்தாங்ணா. ராத்திரில. ஆரும் ஒண்ணும் சொல்றதில்ல. அங்க இருக்கறவங்களுக்கெல்லாம் பழகிப்போச்சு" என்றான்.

நான் கதைக்காக இப்படி எழுதவில்லை. அவன் அந்தச் சொல்லைத்தான் சொன்னான்.

எங்கள் பக்கத்துப் பள்ளங்கள் எல்லாம் கடைசியில் நொய்யலுக்குத்தான் போகின்றன. நொய்யல் காவிரிக்கு. பள்ளத்துக்கும் ஆற்றுக்கும் நடுவே ஆடு மேய்க்கிறவர்கள் இருக்கிறார்கள், மழை பெய்தால் அதில் ஆட்டம் போடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். செப்டிக் டேங்க் லாரிகள் கசடைச் சுத்திகரிப்பு நிலையத்தில்தான் இறக்க வேண்டும் என்று 2014-லேயே அரசு நெறிமுறை வகுத்திருக்கிறது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் இத்தனை வருடம் எந்த லாரியிடமும் எங்கே ஊற்றுகிறாய் என்று கேட்டதில்லை. தொட்டியில் போனது தீர்ந்துபோய்விடும் என்று நான் நம்பியிருக்க முடியாது, பொறியியல் படித்திருக்கிறேன். நான் அதைப் பற்றி யோசிக்கவில்லை, அவ்வளவுதான். தொட்டி என்பதே யோசிக்காமல் இருப்பதற்காகக் கட்டியது.

ஒரு மனம் உடனே வாதாடியது. எங்கள் வீட்டுக் கசடு மெரினாவுக்குப் போகவில்லை, அது வேறு ஆறு. காவிரிக்கடலுக்கும் போகாது, அந்தக் கிருமிகள் அவ்வளவு தூரம் உயிரோடு இருக்காது. பள்ளத்தில் ஏற்கெனவே எத்தனையோ லோடு. என் ஒரு லோடால் எண்ணிக்கை மாறப்போவதில்லை. எல்லாம் சரி. கணக்குப்படி நான் யாருக்கும் தீங்கு செய்யவில்லை.

டெரெக் பார்ஃபிட் என்ற தத்துவவாதி 1984-இல் எழுதிய 'ரீசன்ஸ் அண்ட் பெர்சன்ஸ்' புத்தகத்தில் இந்த மாதிரிக் கணக்கில் இருக்கும் தப்பை எடுத்துக்காட்ட ஒரு உதாரணம் சொல்கிறார். பாலைவனத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் தாகத்தில் கிடக்கிறார்கள். அதே எண்ணிக்கையில் இன்னொரு பக்கம் ஆட்கள், ஆளுக்கு ஒரு சொம்புத் தண்ணி வைத்திருக்கிறார்கள். ஒரு வண்டித் தொட்டியில் ஊற்றினால் அது எல்லோருக்கும் சமமாகப் போகும். நான் ஊற்றாவிட்டால் ஒவ்வொருவருக்கும் குறைவது ஒரு துளியிலும் துளி, யாருக்கும் தெரியாது. எனில் ஊற்ற வேண்டாமா? ஊற்றத்தான் வேண்டும் என்கிறார். நான் ஒருவன் செய்வதால் யாருக்காவது தெரிகிற மாதிரி ஏதாவது ஆகிறதா என்பது தப்பான கேள்வி. நாங்கள் எல்லோரும் சேர்ந்து செய்வதில் நான் இருக்கிறேனா என்பதே கேள்வி. அவர் ஊற்றுவதைப் பற்றி யோசித்தார். எங்கள் ஊர் வழக்கில் அதைக் கலப்பதற்கும் சொல்லிக்கொள்ளலாம்.

அப்பாருவுக்குப் பார்ஃபிட் தேவைப்படவில்லை. கிணற்றில் ஒரு பையன் ஒன்றுக்கு இருந்ததால் ஆத்தாவின் குடத்தில் எதுவும் மாறியிருக்காது. அத்தனை ஆயிரம் லிட்டரில் அது எந்தக் கருவிக்கும் தெரியாது. அவர் கணக்குப் பார்க்கவில்லை. குடம் எடுத்து வருகிறவளின் பெயரைச் சொன்னார். கிணற்றின் வசதி அதுதான்: அந்தப் பக்கம் மோந்து குடிப்பது யார் என்று பெயரோடு தெரியும். ஆற்றில் அது தேய்ந்து, கீழ் ஊர்க்காரன் என்றாகிறது. கடலில் யாருமே இல்லை. நீலமாக ஒரு பரப்பு, அதன் ஓரத்தில் யாரோ சில பையன்கள். அவர்களுக்கு எனக்குப் பெயர் தெரியாது. பெசன்ட் நகரில் நின்றபோது நான்தான் கீழே இருந்தேன் என்பதும், பல்லாவரத்திலோ தாம்பரத்திலோ என்னை மாதிரியே ஒருவர் லாரிக்குப் போன் பண்ணிவிட்டு டீ போட்டுக்கொண்டிருப்பார் என்பதும் அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை. அவர் என் மகளை நினைத்திருக்க மாட்டார். அவருக்கு எப்படித் தெரியும்?

டிரைவர் தம்பியிடம் முன்னூறு ரூபாய் அதிகமாகக் கொடுத்து, "உக்கடத்துக்கே கொண்டு போயிரு, அங்க குடுக்கற பில்ல எனக்கு வாட்ஸ்அப்ல போட்டுடு" என்றேன். அவன் ரூபாயைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "பீக்குப் பில்லு கேட்ட மொத ஆளு நீங்கதாங்ணா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். கிளீனர் பையன் ஜன்னல் வழியாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனான்.

ராத்திரி வரைக்கும் பில் வரவில்லை. முன்னூறு ரூபாய்க்கு என் மனச்சாட்சியை அவன் தலையில் கட்டிவிட்டேனோ என்று ஒரு பக்கம் கூச்சமாக இருந்தது. அவனுக்குப் படியளப்பது அவன் ஓனர், நானில்லை. மறுநாள் மத்தியானம் ஒரு போட்டோ வந்தது. கசங்கிய சீட்டு, பாதி வெளிச்சத்தில், கையெழுத்துப் புரியவில்லை. தேதி முந்தைய நாளுடையதுதான். அது எங்கள் லோடுக்கு உரியதா, வேறு ஏதாவது லோடுக்கா என்று கண்டுபிடிக்க வழியில்லை. நான் கேட்கவும் இல்லை.

மகளிடம் அந்தக் கடற்கரைப் பேச்சை இன்னும் திருத்திச் சொல்லவில்லை. போன வாரம் அவளே ஆரம்பித்தாள். லீவுக்குத் திரும்பவும் மாமா வீட்டுக்குப் போறமா, இந்த வாட்டியாவது கடல்ல எறங்கலாமா என்று. டிசம்பர் வேண்டாம், மே மாசம் போகலாம், கோவளம் பக்கம் போகலாம், அலை இல்லாத நேரம் பார்த்து நானும் கூட இறங்குகிறேன் என்றேன்.

"அந்தப் பசங்க?" என்றாள்.

எந்தப் பசங்க என்று கேட்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன். அவள் நம்பவில்லை.